கணவர், மனைவி: எழுதும்போது கவனிக்க வேண்டிய சொற்கள்

"ஸைது அவர்களின் மனைவியும், அம்ரு அவர்களின் சகோதரியும் இன்று காலை வஃபாத்தாகிவிட்டார்கள். ஜனாஸா தொழுகை மஃரிபுக்குப் பின்."

இப்படி ஓர் அறிவிப்பு ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தால், எத்தனை ஜனாஸா என்று கேட்கத்தான் தோன்றும். ஸைதின் மனைவி ஒருவர், அம்ருவின் சகோதரி இன்னொருவர் என இருவர் இறந்ததாகவே இந்த வாக்கியம் சொல்கிறது. ஆனால் எழுதியவர் சொல்ல வந்தது ஒரே பெண்மணியைப் பற்றித்தான். அவர் ஸைதுக்கு மனைவி, அம்ருவுக்குச் சகோதரி. "ஸைது அவர்களின் மனைவியும் அம்ரு அவர்களின் சகோதரியுமான ஃபாத்திமா அவர்கள்" என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை. 'ஆன' என்ற சிறு சொல்லும் மையித்தின் பெயரும் விடுபட்டதால், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் பதறிப்போய் இரண்டு வீடுகளுக்குப் போன் செய்ய வேண்டியதாகிறது.

(ஸைதும் அம்ருவும் அரபு இலக்கணமான நஹ்வுப் பாடத்தில் எல்லா உதாரணங்களுக்கும் வருபவர்கள். இந்தக் கட்டுரையிலும் அவர்களையே அழைத்துக்கொள்கிறோம்.)

நிகாஹ் அழைப்பிதழ், வஃபாத் அறிவிப்பு, ஜமாஅத்துக்குக் கொடுக்கும் மனு, ஆலிமிடம் கேட்கும் மார்க்கக் கேள்வி, வாரிசுப் பட்டியல் என்று கணவரையோ மனைவியையோ குறிப்பிட்டு எழுதும் இடங்கள் நம் வாழ்க்கையில் பல. அவற்றில் ஒரு சொல் பிசகினால் ஒருவருடைய கண்ணியம் குறையலாம், சில இடங்களில் உரிமையே மாறிப்போகலாம். எனவே எழுதி முடித்ததும் இரண்டு கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது. யாரைச் சொல்கிறோம் என்பது ஐயமின்றித் தெரிகிறதா? கணவருக்குக் கொடுத்த மரியாதை மனைவிக்கும் கிடைத்திருக்கிறதா?

கணவர் வந்தார், மனைவி வந்தாள்?

"ஸைது ஹஜ்ஜிலிருந்து திரும்பினார். அவர் மனைவி வாசலில் நின்று வரவேற்றாள்." இதுபோன்ற வாக்கியங்களைப் பலரும் யோசிக்காமல் எழுதிவிடுகிறோம். கணவருக்கு 'ஆர்', மனைவிக்கு 'ஆள்'. வயது, கல்வி, தக்வா எதையும் பார்க்காமல் மனைவி என்ற உறவு வந்த உடனேயே மரியாதை ஒரு படி இறங்கிவிடுகிறது.

இலக்கணம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல்லே தவிர இலக்கண விதி அல்ல என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. அப்படியானால் 'ஆர்' என்ற விகுதியை யாருக்குக் கொடுப்பது என்பது எழுதுகிறவரின் விருப்பம். ஒரே வாக்கியத்தில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்தால், அந்த விருப்பம் வெளியே தெரிந்துவிடும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருப்பதும் உண்மை. பேச்சில் ஆணை 'அவரு' என்றும் பெண்ணை 'அவங்க' என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறோம். எழுத்தில் 'அவர்' இரு பாலுக்கும் பொது. "ஸைதும் ஃபாத்திமாவும் மருத்துவமனைக்குப் போனார்கள். அவருக்குச் சர்க்கரை அளவு கூடியிருந்தது" என்று எழுதினால் யாருக்கு என்று தெரியாது. இந்தத் தெளிவுக்காகத்தான் பலர் மனைவிக்கு 'அவள்' போட்டுவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. 'அவர்' குழப்பும் இடத்தில் பெயரையோ உறவையோ மறுபடி எழுதினால் போதும்: "ஃபாத்திமாவுக்குச் சர்க்கரை அளவு கூடியிருந்தது." ஒரு பெயரை இரண்டு முறை எழுதுவது குற்றமல்ல.

குர்ஆன் மொழிபெயர்ப்பை வாசிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டும். அரபியில் 'ஹுவ', 'ஹிய' என்பவற்றில் 'அவன், அவர்' என்ற மரியாதை வேறுபாடு இல்லை. தமிழில் எதைப் போடுவது என்பது மொழிபெயர்ப்பாளரின் முடிவு. இப்ராஹீம் (அலை) அவர்களின் மனைவியார் சிரித்ததைச் சொல்லும் 11:71 வசனத்தை விளக்கும்போது 'சிரித்தார்' என்று சொல்வதே அந்த அம்மையாருக்குத் தகும். அதே தமிழில் அபூலஹபின் மனைவியை 'அவள்' என்று சொல்வதில் யாருக்கும் தயக்கம் வராது.

ஒரு துணைக்கால் செய்யும் வேலை

'மனைவியார்' என்றால் மரியாதைக்குரிய ஒரு மனைவி. 'மனைவியர்' என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு துணைக்கால் மட்டுமே.

"நபி (ஸல்) அவர்களின் மனைவியர்" என்பது சரி. "கதீஜா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் முதல் மனைவியார்" என்பதும் சரி. ஆனால் "தலைவர் தம் மனைவியருடன் விழாவுக்கு வந்திருந்தார்" என்று செய்தி எழுதினால், ஒரு மனைவியுடன் வாழும் மனிதருக்கு நாமே இன்னொரு நிகாஹ் செய்து வைத்தவர்களாகிறோம். பலதார மணத்துக்கு மார்க்க அனுமதி உள்ள நம் சமுதாயத்தில் இதை எழுத்துப்பிழை என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போக மாட்டார்கள். 'துணைவியார்', 'துணைவியர்' என்ற சொற்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கணவர் என்பது மரியாதை ஒருமை. பன்மை வேண்டுமானால் 'கணவர்கள்' அல்லது 'கணவன்மார்'.

'தம்' எங்கே, 'அவர்' எங்கே?

அரபு இலக்கணத்தில் ளமீர் எனப்படும் சுட்டுப்பெயர் யாரிடம் திரும்புகிறது என்பதைக் கண்டுபிடிப்பது மாணவர்களுக்குக் கடினமான பாடம். பொதுவாக அருகில் சொல்லப்பட்டவரிடம் அது திரும்பும் என்பார்கள். தமிழில் நமக்கு ஒரு வசதி கூடுதலாக இருக்கிறது. எழுவாயிடம் மட்டும் திரும்புவதற்கென்றே 'தன், தம்' என்ற சொற்கள் உள்ளன.

"ஸைது அம்ருவிடம் தம் மனைவியின் உடல்நிலை பற்றிப் பேசினார்." இங்கே ஸைதின் மனைவி.

"ஸைது அம்ருவிடம் அவர் மனைவியின் உடல்நிலை பற்றிப் பேசினார்." இங்கே அம்ருவின் மனைவியாக இருக்கலாம், வேறொருவரின் மனைவியாகவும் இருக்கலாம்.

தம் மனைவி என்று எழுத வேண்டிய இடத்தில் 'அவர் மனைவி' என்று எழுதினால், அடுத்தவர் மனைவியைப் பற்றிப் பேசியதாக வாசிக்கப்படும் அபாயம் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயர் அங்கே வீணாக அடிபடும். எழுவாய்க்கு மரியாதை கொடுத்து 'ஸைது அவர்கள்' என்று தொடங்கினால் 'தன்' என்பதை விட 'தம்' பொருத்தம். இருவரையும் சேர்த்துச் சொல்லும்போது 'தங்கள்': "ஸைதும் ஃபாத்திமாவும் தங்கள் மகளின் நிகாஹுக்கு அழைத்தார்கள்."

இதனுடன் சேர்த்துக் கவனிக்க வேண்டியது 'உம்', 'உடன்' வேறுபாடு. "ஸைதும் அவர் மனைவியும் வந்தார்கள்" என்றால் இருவரும் எழுவாய், எனவே வினைமுற்று பன்மை. "ஸைது தம் மனைவியுடன் வந்தார்" என்றால் எழுவாய் ஸைது மட்டுமே, எனவே ஒருமை. இரண்டும் சரியான தமிழ்தான். ஆனால் இருவரும் சேர்ந்து பள்ளிவாசலுக்கு இடம் கொடுத்திருந்தால் முதல் வடிவமே நேர்மை. "ஸைது தம் மனைவியுடன் வழங்கினார்" என்று கல்வெட்டில் பொறித்தால், கொடுத்தவர் ஒருவர், கூட வந்தவர் ஒருவர் என்று ஆகிவிடும். மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்று சொல்லும் மார்க்கத்தில், அவர் கொடுத்த ஸதகாவும் அவர் பெயரில்தான் இருக்க வேண்டும்.

'எங்கள்', 'நமது', 'வீட்டில்'

"எங்க வீட்டுக்காரர்", "எங்க மச்சான்" என்று நம் பெண்கள் பேசுவது பணிவான பேச்சு வழக்கு. அதை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. ஆனால் மனுவில் 'என் கணவர்' என்றே எழுத வேண்டும். 'நமது' என்ற சொல்லுக்கு இதைவிடக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அது வாசிப்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். கட்டுரையில் 'நாம்' என்று எழுதும் நம் போன்றவர்கள்கூட மனைவியைச் சொல்ல வரும்போது 'என்' என்ற ஒருமைக்குத்தான் இறங்கி வர வேண்டும்.

"வீட்டில் சொன்னார்கள்" என்றால் மனைவி சொன்னார் என்று பொருள் கொள்வது நம் ஆண்களின் நெடுநாள் வழக்கம். அரபியிலும் 'அஹ்ல்' என்ற குடும்பத்தைக் குறிக்கும் சொல் மனைவியைக் குறிக்க வரும். மூஸா (அலை) அவர்கள் நெருப்பைக் கண்டு தம் அஹ்லிடம் இங்கேயே இருங்கள் என்று சொன்ன இடத்தில் (20:10) வினைச்சொல் பன்மையில் வந்திருக்கிறது. பிள்ளைகளும் உடன் இருந்ததால் பன்மை என்றும், மனைவியாருக்குத் தந்த மரியாதை என்றும் விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். 11:73 வசனத்திலும் மலக்குகள் இப்ராஹீம் (அலை) அவர்களின் மனைவியாரிடம் பெண்பால் ஒருமையில் பேசத் தொடங்கி, வீட்டாருக்கு அருள் வேண்டும்போது பன்மைக்கு மாறுகிறார்கள்.

ஆனால் மார்க்கத் தீர்ப்புக் கேட்டு எழுதும் கடிதத்தில் "வீட்டில் சம்மதமில்லை" என்று எழுதாதீர்கள். சம்மதமில்லாதது மனைவிக்கா, பெற்றோருக்கா என்பதைப் பொறுத்துப் பதில் மாறலாம்.

ஆலிமிடம் கேள்வி எழுதும்போது

"என் கணவர் அவருடைய தம்பியிடம் அவருடைய மனைவியை அவருடைய தாய்வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னார்." மூன்று 'அவருடைய' வரும் இந்தக் கேள்விக்கு எந்த முஃப்தியும் பதில் எழுத முடியாது. முதல் 'அவருடைய' கணவரைக் குறிக்கிறது. இரண்டாவது தம்பியைக் குறிக்கலாம். மூன்றாவது யாரை? "தம்பியின் மனைவியை, அந்தப் பெண்ணின் தாய்வீட்டுக்கு" என்று உறவைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

தலாக் தொடர்பான கேள்வியில் இன்னும் கவனம் தேவை. சொன்ன சொல் எது, அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பவற்றைத்தான் முஃப்தி முதலில் பார்ப்பார். எனவே கணவர் வாயிலிருந்து வந்த சொல்லை வந்தபடியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். 'உன்னை' என்று சொல்லியிருந்தால் 'உன்னை', 'அவளை' என்று சொல்லியிருந்தால் 'அவளை'. மரியாதைக்காக அதை 'அவரை' என்று மாற்றுவதோ, ஊர்ப் பேச்சை ஏட்டுத் தமிழாக்குவதோ கூடாது. இதுவரை சொன்ன மரியாதை விதிகள் நாம் எழுதும் வாக்கியத்துக்கு உரியவை. பிறர் சொன்ன சொல்லைத் திருத்த நமக்கு உரிமையில்லை.

மேற்கோள் குறி விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எளிய உதாரணம்: "என் மனைவி மீது எந்தத் தவறும் இல்லை என்று ஸைது சொன்னார்." இது ஸைதின் மனைவியா, எழுதுகிறவரின் மனைவியா? குறி போட்டால் ஸைதின் மனைவி. இல்லையென்றால் இரண்டுமாகவும் வாசிக்கலாம்.

'துணை' என்ற பொதுச்சொல்

'வாழ்க்கைத் துணை' என்பது இனிமையான சொல். ஆண், பெண் இருவருக்கும் பொது. அரபியில் 'ஸவ்ஜ்' என்ற சொல்லும் அப்படித்தான். ஆதம் (அலை) அவர்களிடம் நீரும் உம் துணையும் சொர்க்கத்தில் குடியிருங்கள் என்று சொல்லும் இடத்தில் (2:35) ஹவ்வா (அலை) அவர்களைக் குறிக்க அதே 'ஸவ்ஜ்' வருகிறது. குர்ஆனின் வழக்கு இதுவே.

ஆனால் ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கல்வியில் அறிஞர்கள் கணவருக்கு 'ஸவ்ஜ்', மனைவிக்கு 'ஸவ்ஜா' என்று பிரித்தே எழுதினார்கள். காரணம் தெளிவு. 4:12 வசனப்படி மனைவி இறந்தால், அவருக்குப் பிள்ளை இல்லாதபோது கணவருக்கு 1/2, பிள்ளை இருந்தால் 1/4. கணவர் இறந்தால், அவருக்குப் பிள்ளை இல்லாதபோது மனைவிக்கு 1/4, பிள்ளை இருந்தால் 1/8. "இறந்தவரின் துணைக்கு உரிய பங்கு" என்று மட்டும் எழுதி ஓர் ஆலிமிடம் கேட்டால், அவர் எந்தக் கணக்கைப் போடுவார்? கவிதையிலும் வாழ்த்திலும் 'துணை' இருக்கட்டும். வாரிசுப் பட்டியலில் 'கணவர்', 'மனைவி' என்ற சொற்களே வர வேண்டும்.

எப்போது 'முன்னாள் மனைவி'?

திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமையுள்ள தலாக் (ரஜ்ஈ) சொல்லப்பட்டு, இத்தா முடியாமல் இருக்கும் பெண்ணை 'முன்னாள் மனைவி' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். இது பெரிய தவறு. 2:228 வசனம் அந்த இத்தாக் காலத்தில் அந்த ஆண்களை 'அப்பெண்களின் கணவர்கள்' என்றே குறிப்பிடுகிறது. திரும்ப அழைத்துக்கொள்ளக் கணவருக்கு உரிமை உண்டு என்று சொல்லும் அதே இடத்தில், உறவின் பெயரும் மாறாமல் நிற்கிறது. இந்த இத்தாவுக்குள் கணவர் இறந்துவிட்டால் அந்தப் பெண் வாரிசு. அவர் கணவரை இழந்தவருக்குரிய 4 மாதம் 10 நாள் இத்தாவை மேற்கொள்வார், கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை.

அப்படிப்பட்டவரை ஜமாஅத் மனுவில் 'முன்னாள் மனைவி' என்று எழுதினால், அந்த ஒரு சொல்லைக் காட்டியே அவரை வாரிசுப் பட்டியலிலிருந்து நீக்கச் சிலர் முயலக்கூடும். எனவே "மனைவி, ரஜ்ஈ தலாக்கின் இத்தாவில் இருப்பவர்" என்று நிலையை முழுதாக எழுதுங்கள். தலாக் சொன்ன தேதியையும் சேர்த்து எழுதுங்கள். இத்தா முடிந்த பிறகே 'முன்னாள்' என்ற சொல்லுக்கு இடம்.

மர்ஹூம், மர்ஹூமா, அன்ஹு, அன்ஹா

நிகாஹ் அழைப்பிதழில் "மர்ஹூம் ஸைது - ஃபாத்திமா தம்பதியரின் மகன்" என்று அச்சிட்டால் தாயார் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாது. மர்ஹூம் என்பது ஆண்பால், பெண்பாலுக்கு மர்ஹூமா. தந்தை மட்டும் மறைந்திருந்தால் "மர்ஹூம் ஸைது அவர்களுக்கும் ஃபாத்திமா அவர்களுக்கும் மகன்" என்று பிரித்து எழுதுங்கள். இருவரும் மறைந்திருந்தால் "மர்ஹூம் ஸைது, மர்ஹூமா ஃபாத்திமா" என்று இருவருக்கும் தனித்தனியே போடுங்கள்.

(ரலி) என்ற சுருக்கம் எழுத்தில் ஒன்றுதான். வாய்விட்டு வாசிக்கும்போது ளமீர் மாறும். ஆண் ஸஹாபியானால் ரலியல்லாஹு அன்ஹு, பெண்ணானால் அன்ஹா, கணவர் மனைவி என இருவரானால் அன்ஹுமா, பலரானால் அன்ஹும், பல பெண்களானால் அன்ஹுன்ன. ஆயிஷா (ரலி) என்பதை 'அன்ஹு' என்று பிள்ளைகள் வாசித்தால் அங்கேயே நிறுத்தித் திருத்த வேண்டும். அலீ, ஃபாத்திமா இருவரையும் சேர்த்துச் சொன்னால் அன்ஹுமா.

வாழ்த்திலும் நன்றியிலும் இதே நிலைதான். மணமகனுக்கு 'பாரகல்லாஹு லக', மணமகளுக்கு 'லகி', இருவரையும் சேர்த்து 'லகுமா'. கணவருக்கு 'ஜஸாக்கல்லாஹ்' என்றால் மனைவிக்கு 'ஜஸாகில்லாஹ்'.

பெயர் சொல்லலாமா?

கணவர் பெயரை மனைவி சொல்லக் கூடாது, மனைவி பெயரைக் கணவர் வெளியில் சொல்லக் கூடாது என்பது நம் ஊர்களில் இருக்கும் வழக்கம். மார்க்கச் சட்டம் அல்ல.

நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது ஓர் இரவில் ஸஃபிய்யா (ரலி) அவர்கள் வந்து பேசிவிட்டுத் திரும்பினார்கள். வழியனுப்ப நபியவர்கள் உடன் சென்றபோது அன்ஸாரிகள் இருவர் கண்டு வேகமாக நடந்தார்கள். அவர்களை நிறுத்தி, இவர் ஹுயையின் மகள் ஸஃபிய்யா என்று தந்தை பெயரோடு நபியவர்கள் சொன்னார்கள். (புகாரி, முஸ்லிம்) யார் என்ற ஐயத்துக்கு இடம் வைக்காமல் மனைவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டியதில்லை.

மக்களில் உங்களுக்கு மிகப் பிரியமானவர் யார் என்று அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள் கேட்டபோது, ஆயிஷா என்றார்கள். ஆண்களில் யார் என்று கேட்டபோது 'அபூபக்ர்' என்று சொல்லாமல் 'அவருடைய தந்தை' என்றார்கள். (புகாரி, முஸ்லிம்) அபூபக்ர் (ரலி) அவர்களைப் போன்ற ஒருவரை மனைவியைச் சுட்டும் ஒரு ளமீரைக் கொண்டே குறிப்பிட்டார்கள். இங்கே ஐயத்துக்கு இடமில்லை, ஏனென்றால் பெயர் முன்பே சொல்லப்பட்டுவிட்டது.

பெயர் மட்டும் போதாத இடமும் உண்டு. ஸைனப் என்ற பெண்மணி கேள்வி கேட்க வந்திருப்பதாகச் சொல்லப்பட்டபோது, எந்த ஸைனப் என்று நபியவர்கள் கேட்டார்கள். அப்துல்லாஹ் பின் மஸ்ஊதின் மனைவி என்று பதில் சொல்லப்பட்டது. (புகாரி) ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் நம் மஹல்லாக்களில் 'ஃபாத்திமா, க/பெ ஸைது' என்று எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். அடையாளத்துக்குக் கணவர் பெயரைச் சேர்ப்பதால் தந்தை வழி வம்சம் மாறிவிடாது.

அனுப்பும் முன்

அறிவிப்பையோ மனுவையோ அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொரு 'அவர்' வரும்போதும் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடனே பதில் வராவிட்டால் அங்கே பெயரை எழுதுங்கள். கணவருக்கு 'ஆர்' இருக்கும் இடத்தில் மனைவிக்கு 'ஆள்' இருந்தால் மாற்றுங்கள். மனைவியார், மனைவியர் என்பதில் துணைக்காலைப் பாருங்கள். பிறர் சொன்ன சொல்லுக்கு மேற்கோள் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இறந்தவர் யார், உயிரோடு இருப்பவர் யார் என்பது தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த வாக்கியத்தில் குறிப்பிடப்படுகிறவரிடமே, அவர் மனைவியானாலும் கணவரானாலும், ஒருமுறை காட்டுங்கள்.

கணவரையும் மனைவியையும் ஒருவருக்கு ஒருவர் ஆடை என்று குர்ஆன் (2:187) சொல்கிறது. அந்த வசனத்தில் இரு பக்கமும் ஒரே சொல்தான். நம் வாக்கியங்களிலும் அந்தச் சமநிலை இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.